மூன்று படிவங்களும் ஒரு கண் கிளினிக்கும்

காலை ஆறரைக்குக் குண்டசாலை பஸ் தரிப்பில் எழுபது பேர் நிற்பார்கள். அறுபத்தொன்பது பேருக்குப் போக இடம் இருக்கும். எழுபதாவது ஆள் வீரசிங்கம். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நிற்பார். பஸ் வரும், ஏறமாட்டார். எட்டு மணிக்குத் தரிப்பு வெறிச்சோடியதும் வீட்டுக்குப் போய்ச் சேட்டைக் கழற்றிக் கொழுவிவிடுவார். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். ஒரு மழைக்காலத்தில் யாரோ ஒரு கொண்டக்டர் அவரைத் தரிப்புக் கம்பம் என்று நினைத்து நேர அட்டவணை ஒட்டப் பார்த்தாராம். அதை முழுக்க நம்பவேண்டாம், பாதி நம்பினால் போதும்.

“ஐயா, எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?” என்று ஓட்டோக்காரன் சதீஸ் தினமும் கேட்பான்.

“அடுத்ததுக்கு.”

“அடுத்தது வந்திட்டுப் போயிருச்சே.”

“அப்ப அதுக்கு அடுத்ததுக்கு.”

வீரசிங்கம் முப்பத்துநான்கு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும். அதற்கொரு முறை இருக்கிறது. ‘இவர் குத்தினாராம்’ என்று சொல்லக்கூடாது. ‘நான் குத்தினேன்’ என்றே சொல்லவேண்டும். அந்த வகையில் மனுசன் பதினொரு கொலைகளையும் கணக்கற்ற மாட்டுத் திருட்டுகளையும் ஒப்புக்கொண்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தார் வந்தால் யாழ்ப்பாணத் தமிழ், தோட்டத்தார் வந்தால் தோட்டத் தமிழ், முஸ்லிம் வியாபாரி வந்தால் அவருடைய தமிழ் என்று மூன்றும் அவர் நாக்கில் தனித்தனி அறை எடுத்துக் குடியிருந்தன. ஒரு சாட்சி தும்மியதை அவர் சிங்களத்தில் தும்மிக் காட்டியதாகவும், நீதவான் அதைப் பதிவில் சேர்க்கச் சொன்னதாகவும் கேள்வி.

ஆனால் மனைவி இராஜேஸ்வரி இறந்தபோது அவர் அழவில்லை. முதலில் யாராவது அழவேண்டும், பிறகுதான் அவர் மொழிபெயர்ப்பார். தனக்காகத் தானே ஆரம்பிக்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. ஞாயிறுதோறும் மெல்பேர்னிலிருந்து மகன் சுதேஷ் பேசுவான். “சுகமோ அப்பா?” “சுகம்.” “சாப்பிட்டீங்களோ?” “ஓம்.” நாலு நிமிடம். ஏழு நாள் கிழமையில் மிச்சம் பத்தாயிரத்து எழுபத்தாறு நிமிடம் இருந்தது. அந்த நிமிடங்களில் சோறு மண்ணாக இருந்தது. பத்திரிகை மடிப்புக் குலையாமல் கிடந்தது. பெல்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடவேண்டி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘வீரசிங்கத்துக்கு விசர், பைத்தியம்’ என்பார்கள். விசர் என்ற சொல்லை அவர் எத்தனையோ தரம் நீதவானுக்கு மொழிபெயர்த்திருக்கிறார். மன்று முழுக்கச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

ஒருநாள் தரிப்புச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. மனநோய்க்கும் மனிதர்களின் சுபாவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வு. திங்கள் குண்டசாலை, புதன் கலகெதர, வெள்ளி நாவலப்பிட்டி. அறுபத்திரண்டு கேள்விகள், நாற்பத்தைந்து நிமிடம். பெயர் தேவையில்லை. ஒருவர் ஒருமுறை மட்டும்.

வீரசிங்கத்தின் கண்ணில் நாற்பத்தைந்து நிமிடம் மட்டும்தான் பட்டது.

திங்கட்கிழமை, அங்கே கேள்வி கேட்ட சஞ்சயன் என்ற மாணவனின் முன்னால் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர் குடையும் கையுமாக வந்து உட்கார்ந்தார். “ஒழுங்கில்லாத மேசையைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது தம்பி,” என்றார். கவலையோ என்று கேட்டதற்கு, “அதுக்கெல்லாம் நேர அட்டவணையிலை இடமில்லை,” என்றார். சஞ்சயன் பயந்துபோய்ப் பேனைகளை நேராக அடுக்கி வைத்தான். அன்றிரவு வீரசிங்கம் மாதக்கணக்குக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஒருவர் ஒருமுறை மட்டும் என்பதுதானே சட்டம். வேறு ஒருவர் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. புதன்கிழமை கலகெதரவில் ஒரு கலகலப்பான துணி வியாபாரி தோன்றினார். “தனிமையா? எனக்கா மகன்?” என்று நஸீப் என்ற மாணவனிடம் சிரித்தார். “ஊட்டுல ஒம்பது பேரு. முகங் கழுவுறதுக்கும் வரிசை.” ஒன்பது பேருக்கும் பெயர், வயது, குணம் எல்லாம் சொன்னார். நஸீப் தாளின் பின்பக்கமும் எழுதினான்.

வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து ரயிலேறி நாவலப்பிட்டிக்குப் போனார். அந்த ரயில் வளைவுகளில் அவ்வளவு மெதுவாகப் போகும். ஒருமுறை பின்பெட்டிக்காரர் இறங்கி நடந்து முன்பெட்டிக்காரருக்கு வெற்றிலை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினாராம். இறங்கும்போது வீரசிங்கம் எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற ஒரு தேத்தண்ணிக் கடைக்காரராகியிருந்தார்.

அங்கே மேசையில் இருந்தவள் தனுஷியா. நாவலப்பிட்டிக்காரி, மற்ற இடங்களில் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் அவளுடையதுதான்.

“வாங்க ஐயா, உக்காருங்க. எப்பிடி இருக்கீங்க?”

“இருக்கேம்மா. மழை வந்தா கூரை ஒழுகுமோன்னு பயம். மழை வரலைன்னா ஏன் வரலைன்னு பயம்.”

அவள் சிரித்தாள். கேள்விகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஐம்பத்தாறு வரை கடைக்காரர் ஒரு சொல்லும் பிசகாமல் பயந்தார்.

“ஐம்பத்தேழு. உங்க பேரைச் சொல்லி ஒருத்தர் ஒங்களைக் கடைசியா கூப்பிட்டது எப்ப, எங்க?”

“போன மாசம் பன்னெண்டாந் தேதி. கண் கிளினிக்குல, நேர்ஸம்மா.”

தனுஷியா எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். கணினியில் ஏற்றிய இரண்டு படிவங்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. குண்டசாலை அதிபர்: போன மாதம் பன்னிரண்டு, கண் கிளினிக், தாதி. கலகெதர வியாபாரி, வீட்டில் ஒன்பது பேர் உள்ளவர்: போன மாதம் பன்னிரண்டு, கண் கிளினிக், தாதி.

எப்போது, எங்கே என்று கேட்டால் பொய் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. முப்பத்துநான்கு வருட நீதிமன்றப் பழக்கம் அது. மகனுக்கு அவர் அப்பா. சதீஸுக்கு ஐயா. பெயர் சொல்லிக் கூப்பிட அந்தத் தாதியைத் தவிர வேறு ஆளில்லை.

“அன்னைக்கு அந்தக் கிளினிக்குல ஒரு ஹெட்மாஸ்டரும் துணிக்கடை மொதலாளியும் ஒங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்களா ஐயா?”

வீரசிங்கம் குடையின் பிடியைப் பார்த்தார். கடைக்காரர் எழும்பிப் போய்விட்டார். மிஞ்சியிருந்தவர் தன் சொந்த யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

“பொலிசுக்குச் சொல்லுவீங்களோ பிள்ளை?”

“இல்ல. மூணு படிவத்தையும் வெட்டிப்போடணும். அவ்வளவுதான்.”

“அப்ப இனி என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டீங்களோ?”

அவர் பயந்தது அதற்குத்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. படிவத்தை மூடி வைத்தாள். கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஆராய்ச்சிக்கு இல்ல ஐயா, நான் கேக்கிறேன். அம்பத்தெட்டாவது கேள்வி. வாழ்ந்து என்ன பிரயோசனம்னு தோணியிருக்கா?”

வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றி, போனது.

“சில நாள்,” என்றார்.

“இன்னைக்கு?”

“இண்டைக்கு இல்லை. இண்டைக்கு ரயில் ஏறவேணும் எண்டு இருந்தது.”

“டொக்டர்ட்ட சொன்னீங்களா?”

“விசர் எண்டு சொல்லுவினம் பிள்ளை.”

“மூணு நாள்ல மூணு ஆளா வேஷம் போட்டது தெரிஞ்சா மட்டும் என்ன சொல்லுவாங்க?” அவள் முகத்தில் சிரிப்பில்லை. “கண்ணு மங்கலா இருக்குன்னு கிளினிக்குக்குப் போனீங்கதானே. அங்க போய், எனக்கில்ல, ஒரு ஹெட்மாஸ்டருக்குக் கண்ணு தெரியலன்னா சொன்னீங்க?”

“கண்ணுக்கு என்ன வெக்கம்?”

“அப்ப மனசுக்கு மட்டும் எதுக்கு ஐயா வெக்கம்? மூணு சுபாவத்தைக் காட்டினீங்க. ஒழுங்கான ஆளு, கலகலப்பான ஆளு, பயந்த ஆளு. மூணு பேருக்குள்ளயும் ஒரே நோயிதான் இருந்திச்சு. சுபாவத்தைப் பாத்து வாற நோயின்னு நாங்க தேடிக்கிட்டிருக்கோம். இது சொல்லாம இருக்கவங்ககிட்ட நல்லா வளருது, அது மட்டும் தெரியும்.”

ஆய்வுக் குழுவோடு வந்திருந்த வைத்தியரிடம் அப்போதே அழைத்துப் போனாள். அவர் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தார். வீரசிங்கத்தின் சம்மதத்தோடு சுதேஷுக்கும் அழைப்புப் போனது. சுதேஷ் அன்று நாலு நிமிடத்தில் வைக்கவில்லை. செவ்வாய் வரைக்கும் காலையும் மாலையும் அழைப்பு எடுத்தான். இரண்டு தரம் தனுஷியாவும் எடுத்தாள்.

செவ்வாய் காலை ஆறரைக்குப் பஸ் வந்தது. வீரசிங்கம் ஏறினார். சதீஸ் வாயிலிருந்த பணிஸை விழுங்க மறந்துபோனான்.

கிளினிக்கில் இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொன்று. வைத்தியர் டிலானி சிங்களப் பெண். “மொழிபெயர்க்க ஆள் வேணுமா?” என்று சிங்களத்தில் கேட்டார். வேண்டாம் என்று வீரசிங்கம் நல்ல சிங்களத்தில் தொடங்கினார்.

“ஒரு மனிதர் இருக்கிறார். மனைவி இறந்து மூன்று வருடம். தூக்கமில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. காலையில் பஸ் தரிப்பில் போய் நிற்பார். ஆட்களின் சத்தம் கேட்கலாம் என்று.”

வைத்தியர் பேனையை வைத்தார். “அவர் வந்திருக்கிறாரா?”

கொலைகாரருக்காகவெல்லாம் தயங்காமல் சொன்ன ‘நான்’ என்ற சொல்லை முதல்முறையாகத் தனக்காக எடுத்தார்.

“நான்தான்,” என்றார் வீரசிங்கம்.

பிறகு அழுதார். முன்னால் யாரும் அழுது காட்டவில்லை. மூன்று வருடம் பிந்தி, மொழிபெயர்ப்பாகாத சொந்த அழுகை. வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. மருந்து எழுதினார், கிழமைக்கொரு தடவை வந்து பேசச் சொன்னார், ஆறுதலாகத்தான் குணமாகும் என்பதையும் மறைக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது தரிப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

“எங்க ஐயா போயிட்டு வாறீங்க?” என்றான் சதீஸ்.

கண்ணுக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் தயாராக இருந்தது. வீரசிங்கம் மருந்துப் பையைத் தூக்கிக் காட்டினார்.

“மனசுக்கு மருந்தெடுக்கப் போனனான். மூண்டு வருசமா எனக்கு ஏலாது தம்பி. வயித்துநோவைச் சொல்லுற மாதிரி இதையும் வாய்விட்டுச் சொல்லவேணும். சொல்லுறது விசர் இல்லை. ஒளிச்சு வைச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்கிறதுதான் விசர்.”

யாரும் சிரிக்கவில்லை. புடவைக் கடைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண், அது எந்தக் கிளினிக், எத்தனை மணிக்கு என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார்.

சதீஸ் பிடரியைச் சொறிந்தான். “மூணு வருசமா எந்த பஸ்ஸுன்னு மட்டும் கேட்டிருக்கேன். ஒங்க பேரு என்னா ஐயா?”

“வீரசிங்கம்.”

“வீரசிங்கம் ஐயா, ஏறுங்க. ஊட்டுல விட்டுடுறேன்.”

வீரசிங்கம் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். பெயர் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்ற ஐம்பத்தேழாம் கேள்விக்கு அவருடைய பழைய விடை அந்த நிமிடத்தோடு செல்லாமல் போயிற்று.