கவர்னரைச் சோதிக்க வந்தவர்

கருப்பணன் முடியாது என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு. கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டிய மனுஷன், மகள் வேல்விழி ஒற்றைக் காலில் நின்றதால் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு விருதுநகர் ரோட்டில் இருக்கும் முனியராஜின் லேத் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். "அந்த இன்ஜினை ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாள். பார்க்க என்ன இருக்கிறது? வெந்நீர் வைத்து விளையாடுகிறவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகப் போர்மேன். நெருப்பைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் சிவகாசி வட்டாரத்திலேயே கிடையாது என்பது அவருடைய எண்ணம். மருந்து அறைக்குள் ஒரு இரும்பு ஆணிகூட வர விடமாட்டார். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி அதன் மேல் ஒரு செம்பு பாய்லரை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும் பயலைத்தான் கட்டுவேன் என்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

"வாங்க மாமா, உக்காருங்க" என்று முனியராஜ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"யாருக்குலே மாமா? முதல்ல உன் பொம்மையைக் காட்டு."

அந்த நீராவி இன்ஜின் மேசை மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி நீளம் இருந்தால் அதிகம். சக்கரத்திலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் போய் சின்ன டைனமோவைச் சுற்ற, அதில் ஒரு பல்பு எரிந்தது. பல்பு பளிச்சென்று எரியும், உடனே மங்கும், மறுபடி எரியும். இன்ஜினும் அப்படியே ஓடுவதும் தளர்வதுமாக இருந்தது.

"குடிகாரன் நடை நடக்குது. இதைக் காட்டவா என்னைய வேகாத வெயில்ல வரச் சொன்ன?" என்றார் மகளிடம்.

"வேகத்தை அடக்குற கவர்னர் இன்னும் சரியா அமையலைங்க" என்றான் முனியராஜ். நடுவில் சுற்றும் கம்பியின் இரண்டு பக்கமும் தொங்கிய பித்தளை உருண்டைகளைக் காட்டினான். இன்ஜின் வேகமெடுத்தால் உருண்டைகள் விரியும்; விரிந்தால் கம்பியில் இருக்கும் வளையம் மேலே ஏறி ஸ்டீமை அடைக்கும். வேகம் குறைந்தால் உருண்டைகள் இறங்கும், வழி திறக்கும்.

"ரெண்டு பித்தளை லட்டைக் கட்டித் தொங்கவிட்டா இன்ஜின் அடங்கிருமாக்கும்! எவன்லே இதைச் செஞ்சது?"

"நான்தாம்ப்பா" என்றாள் வேல்விழி.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறவள். முதலில் கடைந்த உருண்டைகள் எடை ஒத்து வராமல் இன்ஜினையே உதறவைத்தனவாம். நகைக்கடைத் தராசில் நிறுத்து நிறுத்து அரம் போட்டு, இது மூன்றாவது ஜோடியாம். அவள் சொல்லச் சொல்லக் கருப்பணனுக்கு எரிச்சல் ஏறியது.

"அம்புட்டுப் படிக்க வச்சது இதுக்குத்தானாக்கும்" என்றார்.

அவள் குட்டி ஸ்பேனரை எடுத்து ஸ்பிரிங் மேல் இருந்த நட்டைக் கால் சுற்று இறுக்கினாள். பல்பைப் பார்த்தாள். இன்னும் கால் சுற்று. ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. பிறகு குச்சி நுனியில் கெட்டி கிரீஸைத் தொட்டு வளையத்துக்கு அடியில் தடவினாள். "ரொம்ப வழவழன்னு இருந்தாலும் ஆகாதுப்பா. கொஞ்சம் பிடிமானம் வேணும்" என்றாள்.

பல்பு ஒரே சீராக எரிந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஆடவே இல்லை. கருப்பணனுக்கு அது பிடிக்கவில்லை. முனியராஜ் வாயெல்லாம் பல்லாக நின்றது அதைவிடப் பிடிக்கவில்லை.

"பாரம் இருக்கும்போது எவனும் ஒழுங்காத்தாம்லே நடப்பான். பாரம் விட்டுப்போனா?" என்றவர், அவர்கள் பதில் சொல்லும் முன்பே ஒற்றை விரலால் பெல்ட்டைத் தட்டிக் கழற்றிவிட்டார்.

இன்ஜின் ஒருமுறை கிறீச்சிட்டது. உருண்டைகள் விரிந்தன, வளையம் ஏறியது, சத்தம் அடங்கிச் சக்கரம் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. ஏதாவது நக்கலாகச் சொல்ல வேண்டுமே என்று கருப்பணன் வாயைத் திறந்தார். அப்போது பாய்லர் உச்சியில் இருந்த சேப்டி வால்வு 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று சீறியது.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்கே தெரியாது. தெரிந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், காலில் செருப்பில்லை. மருந்து சீறினால் அடுத்த நொடி அறை இருக்காது. சத்தம் கேட்டால் ஓடு, பக்கத்தில் யாரென்று பார்க்காதே என்று புது ஆள் ஒவ்வொருவனுக்கும் அவர்தான் பாடம் எடுப்பார். கால்கள் தாமாகவே ஓடிவந்திருந்தன.

அங்கிருந்து பார்த்தால் பட்டறை நன்றாகத் தெரிந்தது. முனியராஜ் விளக்கை அணைத்திருந்தான். வேல்விழியைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பாய்லருக்கு முன்னால் நின்றான். அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்வது காதில் விழுந்தது: "ஒண்ணுமில்ல, கவர்னர் அடைச்சிருச்சு. ஸ்டீம் போக வழியில்லாமத்தான் வால்வு தொறக்குது." சீற்றம் நின்றது.

"என்ன போர்மேன், பேயைக் கண்ட மாதிரி ஓடியாரீக?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த சோணைமுத்து. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

முனியராஜ் வாசலுக்கு வந்தான். "நாந்தான் வெளிய போகச் சொன்னேன் அண்ணாச்சி, ஸ்டீம் மேல பட்டுருமேன்னு" என்று சத்தமாகச் சொன்னான்.

நல்ல பொய். தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் இந்தப் பயல் போடும் பிச்சையிலா மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது? கருப்பணனுக்கு நெஞ்சு எரிந்தது. இருபத்தெட்டு வருஷப் போர்மேனாம், தூ, என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது.

"பொய் சொல்லாதலே!" என்று ரோடு அதிரக் கத்தினார். "எவனும் போகச் சொல்லல. நானாத்தான் ஓடினேன். எம் மகளை உள்ள விட்டுட்டு ஓடினேன்."

பெஞ்சில் சிரிப்பு நின்றுவிட்டது. வேல்விழி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"உங்க வேலை அப்பிடிப்பா. அந்தச் சத்தம் கேட்டா யாரும் ஓடத்தான் செய்வாக."

"வேலை கிடக்கட்டும் தாயி. அவன் நின்னானே."

ரோட்டைக் கடந்து பட்டறை வாசலுக்கு வந்தார்.

"உங்கம்மாவைப் புதன்கிழமை சம்பந்தம் பேச வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார் முனியராஜிடம், சுவரைப் பார்த்தபடி. "அந்தச் சனியன் இன்ஜினையும் தூக்கிட்டு வந்துராத."

"சரிங்க" என்றான் அவன்.

மகளின் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்கு வீடு போய்ச் சேரும்வரை தைரியம் வரவில்லை.