ஃபிட்டா, லூஸா?

உலகக் கால்பந்து வரலாற்றிலேயே உடுப்பால் தோற்ற அணி ஒன்றுகூடக் கிடையாது என்று தூண் அறிவித்தார். உடை மாற்றும் அறையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பாதி உரித்த வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடி அறிவித்தார். வரலாறு மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

தூண் என்பது பட்டப்பெயர். தொழிற்சாலை அணியின் கேப்டன், தடுப்பாட்டக்காரர். கோலுக்கு முன்னால் நட்டு வைத்ததுபோல் நிற்பார் என்பதால் வந்த பெயர். இப்போதெல்லாம் நட்டு வைத்த இடத்தை விட்டு நகர்வதும் இல்லை என்று அவருடைய மச்சினன், அணியின் கோல்கீப்பர், முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அறிவிப்புக்குக் காரணமானவர் அணியின் உடுப்பு, பந்துகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரர். புதிய பயிற்சி உடைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஃபிட்டா, லூஸா?"

கோல்கீப்பர் யோசிக்கவே இல்லை. "எனக்கு லூஸுண்ணே. இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டறேன்ல. டைட்டா இருந்தா பாய முடியாது. அப்படியே தையல ஒரு தடவ இழுத்துப் பாத்து வாங்குங்க. போன வருஷத்துது அரிச்சே கொன்னுருச்சு."

"எழுதிக்கோங்க, இவன் லூஸாம்" என்றார் தூண். "வாயாலயே ஒத்துக்கிட்டான்."

அறையே சிரித்தது. தூணுக்கு அது போதவில்லை. "கல்யாணப் பட்டு எடுக்கப் போறவகூட இவ்வளவு தடவிப் பாக்க மாட்டாடா மாப்ள. பந்துக்கு என்ன கண்ணா இருக்கு?"

"பந்துக்கு இல்ல மாமா. புது கோச்சுக்கு இருக்கு."

"உங்களுக்கு எப்படி கேப்டன்?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"என்னப் பாத்தா லூஸு மாதிரியா தெரியுது? ஃபிட்டுன்னு போடுங்க. நல்ல ஃபிட்டு."

நல்ல ஃபிட்டாகவே வந்து சேர்ந்தது; முதலில் பனியன், ஒரு வாரம் கழித்துக் கால்சட்டை. துணியின் தரத்தில் குறை சொல்ல முடியாது; தரம் என்று ஒன்று இருந்தால்தானே குறை சொல்ல. நெஞ்சில் ஒட்டியிருந்த கிளப் சின்னம் முதல் துவைப்பிலேயே கழன்று யாருடைய காலுறையிலோ குடியேறியது. வியர்த்தால் பனியன் கண்ணாடியானது. அதையெல்லாம் தூண் பொறுத்துக்கொண்டிருப்பார். வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் கணுக்கால்வரை நீண்ட கால்சட்டையை இழுத்து ஏற்றிய பிறகுதான் பொறுக்க முடியாதது கண்ணில் பட்டது.

வலது முட்டியில் அவர் கட்டுப்பட்டை போட்டிருந்தார். போன சீசன் முடிந்ததிலிருந்து போடுகிறார். ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்ட பழைய தொளதொள கால்சட்டைக்குள் அது இருந்தது அணியில் எவருக்கும் தெரியாது. இந்தக் கால்சட்டைக்குள்ளோ எலியை விழுங்கிய பாம்புபோல் முட்டி மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

"துணி மட்டம்" என்றார் மனைவியிடம்.

"துணி மட்டம்தான்" என்றாள் அவள். "முட்டியும் மட்டமா இருந்திருந்தா வெளிய தெரிஞ்சிருக்காது."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கால்சட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிரித்துவிடலாம் என்றால் தையலுக்கு உள்ளே விரலளவு துணிகூட மிச்சம் விடாமல் தைத்திருந்தார்கள்.

"நாளைக்கு டீமுக்கு ஆள் எடுக்கிற ஆட்டம்தானே? கோச் கிட்டச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா மூட்டை தூக்கணும்."

அணியில் இருக்கும்வரை தூணுக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் மேசை நாற்காலி உண்டு. அணியை விட்டு வெளியேறுகிறவர்கள் லாரியில் சுமை ஏற்றும் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுப் படி இறங்கவே கைப்பிடியைத் தேடும் முட்டி அது. மூட்டையோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் கால்சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் புது கோச் சுருக்கமாகப் பேசினார். "யாருக்காவது அடி, வலின்னா இப்பவே சொல்லுங்க. மருந்து பாக்கலாம். மறைச்சு ஆடறத நான் கண்டுபிடிச்சேன்னா அப்புறம் பேச்சே கிடையாது." கோல்கீப்பர் கையைத் தூக்கி, "இடுப்பு, சார்" என்றான். கோச் தலையாட்டினார். தூண் கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் மைதானத்துக்குக் கிளம்பினார்கள். தூண் ஸ்டோர்க்காரரைப் பிடித்து உதிரி இருக்கிறதா என்று கேட்டார். "கேட்ட அளவுக்குத்தான் தெச்சாங்க கேப்டன்" என்றார் அவர். தூண் திரும்பி வந்து, கையுறை மாட்டிக்கொண்டிருந்த மச்சினனைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார்.

"மாப்ள, உன் பேண்ட்டக் குடுடா."

"எதுக்கு மாமா? உங்களுதுதான் நல்ல ஃபிட்டாச்சே."

தூண் இடுப்பில் சுற்றியிருந்த துண்டை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினார். மச்சினன் வாயில் தயாராக இருந்த அடுத்த நக்கல் அங்கேயே நின்றுவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கோச்சுக்கு?"

வெளியே விசில் ஊதினார்கள். மச்சினன் கையுறையைக் கழற்றினான், பிறகு கால்சட்டையைக் கழற்றினான். மாமாவுடையதை எடுத்து, இடுப்புப் பெல்ட்டுக்கு மேல் ஏற்றப் படாத பாடுபட்டான். மூச்சை அடக்கி நாடாவை முடிந்தபோது அவன் முகம் சுருங்கியது.

"இத மாட்டிக்கிட்டுப் பாய முடியாது மாமா. எனக்கும் இன்னிக்குத்தான் செலக்‌ஷன்."

"பந்து உன்கிட்ட வராம நான் பாத்துக்கறேன்."

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

தூண் ஜன்னல் பக்கம் திரும்பினார். மச்சினனின் கால்சட்டையைப் புரட்டிப் போட்டார். முட்டிப் பக்கத் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெளியே ஏதாவது தெரியுமா என்று பார்த்தார். உள்பக்கம் முழுக்கத் தடவி, அரிக்கிற இடம் உண்டா என்று தேடினார். பிறகு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்து காலை மெல்ல நீட்டிப் பார்த்தார்.

அறையில் சிரிப்பதற்கு ஒருவன்தான் இருந்தான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிய முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.