குழாய்ச் சோதனை

விளக்கெண்ணெய் தொண்டையில் இறங்கியபோது பூங்கோதைக்குக் குமட்டவில்லை. குமட்டலுக்கு இடம் கொடுக்காமல் கோபம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

மாமியார் செல்லியம்மாள் அவளுக்குச் சொந்த அத்தை, அப்பாவோடு கூடப் பிறந்தவள். போன வருடம் ஒரே கோடையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெருங்குடலில் புற்றுக்கட்டி கண்டு, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அத்தைக்கு அறுபதைத் தாண்டிய வயது. இவளுக்கு இருபத்தெட்டு. வருடம் திரும்பியதும் இருவரும் வரவேண்டும், பின்வழியாக நீளக் குழாயை விட்டுக் குடலுக்குள் மறுபடி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். "உன் மாமியாருக்கு அந்தச் சோதனைல சுத்தமா இருந்தா, அப்புறம் உடம்பைப் பொறுத்துப் பார்த்துக்கலாம். நீதான் தவறவே கூடாது. உனக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கு" என்று இவளிடம் அழுத்திச் சொன்னார். கூட நின்ற புருஷன் மாதையன் தலையாட்டினான்.

மலைமேலிருந்த வீட்டுக்குத் திரும்பி, வருடம் முடியப்போகையில் அது தலைகீழாயிற்று.

"அம்மாவ மட்டும் இட்டுனு போறேன். வயசான ஒடம்பு. நீ நல்லாத்தான கீறே? களை வெட்டுறே, புளி உலுக்குறே. ஒனக்கு இன்னாத்துக்கு?"

"டாக்டர் சொன்னாரே மாமா."

"அப்ப சாவக் கெடந்தே, வுட்டேன். நல்லா கீற பொம்பளைய எவனெவன் முன்னாலயோ துணி வெலக்கிப் படுன்னு அனுப்பச் சொல்றியா?"

சாகக் கிடந்தபோது அவள் உடம்பு யாருக்கும் வேண்டாததாக இருந்தது. பிழைத்து எழுந்ததும் அவனுடைய மானமாகிவிட்டது. தினமும் காலையில் புதரோரம் குனிந்து, மலத்தில் ரத்தம் தெரிகிறதா என்று அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. வெளியே தெரியாமல் பயப்பட அவள் கற்றுக்கொண்டிருந்தாள். இனி அது முடியாது என்று தோன்றிவிட்டது.

வேலூருக்குப் போவதற்கு முதல் நாள், அத்தைக்குக் கஞ்சித் தண்ணி மட்டும்தான்; குடல் காலியாக விளக்கெண்ணெய். மாதையன் காட்டுக்குப் போனதும் பூங்கோதை இன்னொரு டம்ளரில் தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் எண்ணெய் வேலையைக் காட்டியது. உண்ணிச்செடிப் புதருக்கு மறுபடி ஓடி உட்கார்ந்தபோது, புதரின் மறுபக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"யார்டி அது?"

"நான்தான் அத்தை."

"காலைலருந்து நீ ஒண்ணும் துன்னல. பாத்துனுதான் கீறேன். நீயும் குடிச்சியா?"

"குடிச்சேன். நாளைக்கு நானும் பஸ் ஏறப்போறேன்."

கொஞ்ச நேரம் இருவருக்கும் வேறு வேலை இருந்தது.

"எம் புள்ள ஏறவுட மாட்டான்."

"ஒம் புள்ளையையும்தான் டாக்டர் வரச் சொன்னாரு. அத்தைக்கும் மருமகளுக்கும் வந்திருக்கு, ரத்த சம்பந்தம், நீங்களும் ஒருவாட்டி குழாய் விட்டுப் பாத்துக்குங்கன்னாரு. நீ மயக்கத்துல கெடந்தே."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எங்கிட்டயும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல. அன்னைலருந்துதான் இந்த மானம் மரியாதையெல்லாம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் பூங்கோதைக்கே அது புரிந்தது. அத்தைக்கு விஷயமே தெரியாது; தான் போனால்தான் வீட்டுக்காரர் சோதனைப் பேச்சு டாக்டர் முன்னால் மறுபடி வரும். அவன் தன் பயத்தை அவள் முந்தானையில் முடிந்துவைத்துவிட்டு, அதற்கு மானம் என்று பெயர் சொல்லியிருக்கிறான். இரக்கம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. ஒரு வருடமாகக் குனிந்து பார்த்த காலைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எரிந்தன.

மறுநாள் விடிந்ததும் காவலூர் நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. அம்மாவோடு வந்த மாதையன், பின்னாலேயே பையோடு வந்த பூங்கோதையை மறித்தான்.

"நீ எங்க வர்றே? வூட்டுக்குப் போ."

"போமாட்டேன்."

"வுடுறா" என்றாள் செல்லியம்மாள். "அவளும் நேத்து எண்ண குடிச்சுட்டா. வவுத்துல ஒண்ணுமில்ல."

"ஊரு சிரிக்கும்மா."

"நேத்து பூரா அந்த உண்ணிப்புதரே சிரிச்சுது. ஊரு சிரிச்சா இன்னா?" அத்தை குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் ஒன்னையும் வரச் சொன்னாராமே. எனக்கு ஏன்டா சொல்லல?"

மாதையன் பூங்கோதையைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

"எனக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சேன்" என்றாள் பூங்கோதை. "தள்ளு மாமா."

கண்டக்டர் விசில் ஊதினார். மாதையன் வழியை விட்டான். பூங்கோதை அத்தையை ஏற்றி, தானும் ஏறி, மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் அமர்ந்தாள்; அத்தை மறு ஓரத்தில், நடு இடம் காலி. பஸ் நகர்ந்த பிறகுதான் அவன் ஓடிவந்து தொற்றினான்.

"உக்கார்றதுக்கு எடம் குடுடி" என்றாள் அத்தை.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்து நின்றான். பூங்கோதை அதைப் பார்த்தாள். மடியிலிருந்த பையை எடுத்து, பக்கத்துக் காலி இடத்தில் வைத்தாள்.