பத்து, பதினொன்று, பன்னிரண்டு

நான் பகுதி நேரமாக வேலை பார்க்கும் பதிப்பகத்தில் நட்பு, துணிச்சல், துயரம் ஆகிய மூன்றும் தயாராகின்றன. பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்கான நாவல்கள். முதலாளியைப் பொறுத்தவரை நட்பு முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட வேண்டும், துணிச்சல் நடுவில், துயரம் கடைசிக்கு மூன்று அத்தியாயம் முன்னால். துயரத்தைக் கடைசியில் வைத்தால் பிள்ளைகள் அழுதுகொண்டே புத்தகத்தை மூடிவிடுவார்களாம், அடுத்த புத்தகம் கேட்க மாட்டார்களாம்.

காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் பதிப்பகம். பிழை திருத்துவேன், பின்னட்டை வாசகம் எழுதுவேன். எங்காவது ஒரு பின்னட்டையில் 'பிரிவு என்பது முடிவல்ல' என்று பார்த்திருந்தால் அது அடியேன்தான். மன்னித்துவிடுங்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த நாவலும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் அதைப் படித்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிரதி, சுருள் கம்பி போட்டுக் கோத்த வெள்ளைத் தாள்கள். ஒருவர் கையில் நீலப் பென்சில், இன்னொருவர் கையில் சிவப்பு, இரண்டும் ரப்பரால் அழியக்கூடிய வகை. கொட்டாவி வந்த இடத்தில் வட்டம், சிரிப்பு வந்த இடத்தில் டிக், அழுகை வந்தால் ஒரு கோடு. வேறு எது தோன்றினாலும் ஓரத்தில் எழுதலாம். அவற்றை நான் கணினியில் ஏற்றிக்கொண்டு, பிரதியை ரப்பரால் சுத்தமாக அழித்து, அடுத்த ஜோடிக்குக் கொடுப்பேன். முன்னூறு பக்கத்தை இருபது நிமிடத்தில் வெளுத்துவிடுவேன். அழிக்கும்போது ஓரத்தைப் படிக்க மாட்டேன். படித்தால் கை நின்றுவிடும்.

முதல் ஜோடி எப்போதும் என் தங்கையும் அவளுடைய சிநேகிதியும். தங்கைக்குப் பன்னிரண்டு வயது. உருவத்தில் சின்னவள், சூடு பட்டால் வெடிப்பவள் என்பதால் வீட்டில் கடுகு. சிநேகிதி அவளைவிட ஒன்றரை அடி உயரம், ஒல்லி, நிற்பதும் நேராக நிற்பாள் என்பதால் ஸ்கேல். பக்கத்துப் பக்கத்தில் நடந்து வந்தால் ஏதோ கணக்குப் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும்.

நீலம் கடுகுக்கு, சிவப்பு ஸ்கேலுக்கு; பதினோரு நாவல்கள் அப்படிப் படித்தார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: ஒருத்தியைத் தாண்டி இன்னொருத்தி படிக்கக் கூடாது. ஒருமுறை ஸ்கேல் இரண்டே இரண்டு பக்கம் முன்னால் போய்விட்டாள் என்று கடுகு நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் போய், நான்கு நாளாகப் பேச வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

பன்னிரண்டாவது நாவலின்போது ஸ்கேலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடுகு ஒரு அத்தியாயம் முடித்ததும் நான் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவள் முடித்ததும் திருப்பிக் கொண்டு வருவேன். ஒன்பது அத்தியாயம் இப்படி நடந்தது. பிறகு ஆட்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார்கள். பிரதி அங்கேயே தங்கிவிட்டது. போன மாதம் பதினேழாம் தேதி ஸ்கேல் இறந்துபோனாள்.

கடுகு பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வெடிப்பது மட்டும் நின்றுவிட்டது. வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு நாவல் கொடுத்தார்கள், எல்லாம் தோழியை இழந்த சிறுமியைப் பற்றியவை. ஏழில் நான்கு எங்கள் பதிப்பகத்தினுடையவை. அதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா."

"பிரிவு முடிவில்லைன்னா, அப்புறம் என்ன?"

"தெரியல கடுகு. அட்டையில அவ்வளவுதான் இடம் இருந்துச்சு."

புத்தகத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பிரதி எங்க இருக்கு?"

"அவங்க வீட்டுலதான் இருக்கணும்."

"வாங்கிட்டு வா. அவ ஒம்பதுலயே நிக்கறா. பத்தை ரெண்டு பேரும் ஒரே நாள் ஆரம்பிக்கறதா இருந்தோம். நான்தான் இனிமே அவளைக் கூட்டிட்டுப் போகணும்."

ஒரு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். ஆனாலும் நான் போகவில்லை. ஒரு தாயின் வாசலில் நின்று என்னவென்று கேட்பது?

கடைசியில் முதலாளிதான் தள்ளிவிட்டார்.

"அச்சகத்துல தேதி வாங்கியாச்சுப்பா. அந்தப் பிரதி வந்தாகணும். போய்ப் பக்குவமாக் கேளு."

"எப்படி சார் கேக்கறது?"

"என்னைக் கேட்டா? பின்னட்டை எழுதறது நீதான?"

மறுநாள் மதியம் போனேன். ஸ்கேலின் அம்மா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவர், இன்னும் விடுப்பில் இருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்து, அது சரியில்லை என்று மறுபடி வைத்து, முடிந்தவரை நேரம் கடத்தினேன்.

"உள்ள வா தம்பி. என்ன, செருப்புக்கு இவ்வளவு மரியாதை?"

சிரித்தார். அதற்கு நான் தயாராக வரவில்லை.

"ஆன்ட்டி, அது வந்து... ஆபீஸ்ல..."

"அந்தப் புத்தகம்தான? ஆஸ்பத்திரிப் பையில இருக்கும். அங்க, வாஷிங் மெஷின் பக்கத்துல. நீயே எடுத்துக்கோ. நான் இன்னும் அந்த ஜிப்பைத் திறக்கல."

திறந்தேன். ஒரு துண்டு, சீப்பு, போன் சார்ஜர், ஒற்றைக் காலுறை, அடியில் பிரதி. எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடினேன். மூடுகிற சத்தம் கேட்டதும் அவர் சமையலறைக்குள் போய் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"கடுகு எப்படி இருக்கா?"

"சாப்பிடறா ஆன்ட்டி."

"வரச் சொல்லு." உடனே கையை ஆட்டினார். "வேண்டாம், இப்ப சொல்லாத. அப்புறமா வரட்டும். நீ சொல்லாத."

தண்ணீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பிரதியை வைத்துக்கொண்டு, ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில் காகிதம் செருகிவைக்கலாம், கடுகுக்கு எடுக்க வசதியாக இருக்கும் என்று பிரித்தேன். பத்தாம் அத்தியாயத்தில் சிவப்பு இருந்தது. பதினொன்றிலும் இருந்தது. வேகமாகப் புரட்டினேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை வட்டம், டிக், கோடு, ஓரத்தில் எழுத்து.

ஸ்கேல் தாண்டிப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் தெரிந்தது கடுகின் முகம்தான். இரண்டு பக்கத்துக்கு நான்கு நாள் என்றால் பதின்மூன்று அத்தியாயத்துக்கு எத்தனை நாள்? நாள் கணக்கை விடுங்கள், ஐந்தாம் நாள் போய் யாரிடம் பேசுவாள்? ஸ்கேல் ஒன்பதில் நிற்கிறாள் என்கிற ஒரே நினைப்பில்தான் இந்தப் பெண் காலையில் எழுந்து பல்லே தேய்க்கிறது.

சட்டைப்பையில் ரப்பர் இருந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் இருக்கும்.

பத்தை அழித்தேன். பதினொன்றை அழித்தேன். பன்னிரண்டை அழித்தேன். சிவப்புத் தூள் பேன்ட்டில் விழுந்தது, ஊதினேன், அது பக்கத்து சீட்டு அம்மாவின் கூடையில் விழுந்தது.

"என்ன தம்பி, பரீட்சையா?"

"ஆமாங்க."

"விடையெல்லாம் தப்பாப் போச்சா?"

"ஆமாங்க."

"சின்ன வயசுதான, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று கூடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பேருந்து பிரேக் போட்டது. கை நின்றது, கண் ஓரத்தில் விழுந்தது. ஸ்கேலின் சாய்ந்த எழுத்து:

'கடுகு, இங்க நீ அழுவ. நான் அழல. சரி, அழுதேன். தாண்டிட்டேன்னு கத்தாத. ஏன் தாண்டினேன்னு பத்துலயே சொல்லிட்டேன்ல!'

பத்துக்குத் திரும்பினேன். வெள்ளையாக இருந்தது. நான் வேலையில் கெட்டிக்காரன் என்று முதலாளி சொல்வது சும்மா இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கமும் சாய்த்தேன். ஒரு வட்டத்தின் பாதி தெரிந்தது, ஓரத்தில் லேசான ரோஜா நிறம். ஒரு 'னா' இருந்த மாதிரி இருந்தது. ஸ்கேல் பென்சிலை அழுத்தாமல் எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு அழுத்துவதற்குக் கையில் தெம்பு இல்லை.

மீதியையும் அழித்துவிடலாமா என்று ஒரு நிறுத்தம் வரை யோசித்தேன். எல்லாம் போய்விட்டால் ஸ்கேல் மறுபடி ஒன்பதில் நிற்பாள், கடுகு நிம்மதியாக இருப்பாள். ரப்பரை எடுத்தேன். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஓரத்தின் மேல் வைத்தேன். அந்த 'சரி, அழுதேன்' என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டேன்.

கடுகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பென்சிலைத் தயாராகச் சீவி வைத்திருந்தாள். பிரதியைக் கொடுத்தேன். ஒன்பதின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், சிவப்பு டிக்கை விரலால் தொட்டாள், அடுத்த பக்கம் திருப்பினாள்.

"இது ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. முகம் சிவந்துகொண்டே வந்தது.

"தாண்டிட்டாளா? கடைசி வரைக்குமா? ஏமாத்துக்காரி! நான் இங்க ஒரு மாசமா ஒரு வரி படிக்காம உக்காந்திருக்கேன், அவ பாட்டுக்கு முடிச்சுட்டுப் போயிட்டாளா?"

சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கடுகு கத்துவதைப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் கரண்டியோடு வாசலிலேயே நின்றாள்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. சண்டை."

"யார்கூட?"

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போனாள்.

கடுகு பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பி ஓரத்தில் இருந்ததைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பத்துக்குப் போனாள்.

"இங்க ஒண்ணுமே இல்லயே."

"நான் அழிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"நீ இப்படிக் கத்துவேன்னுதான்."

"என்ன எழுதியிருந்தா?"

"படிக்கல."

"படிக்காம எப்படி அழிச்சே?"

"பழக்கம்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. தாளைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள், நான் பேருந்தில் செய்ததைப் போலவே சாய்த்தாள், எதிர்ப்பக்கமும் சாய்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, ஞாபகப்படுத்திப் பாரு."

நான் கதை தயாரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவன். வாய் தானாகத் திறந்தது.

"'உனக்கு முன்னாடி போய் வழி எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு நினைச்சேன்'னு ஏதோ எழுதியிருந்தா."

கடுகு என்னையே பார்த்தாள்.

"இது உன் பின்னட்டை. அவ இப்படியெல்லாம் பேச மாட்டா."

"சரி."

"நிஜமாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

"மூணு வரி இருந்துச்சு. நடு வரி நீளம். ஒரு 'னா' இருந்துச்சு. கடைசியில ஆச்சரியக்குறி."

"ஆச்சரியக்குறி அவ எல்லாத்துக்கும்தான் போடுவா. லீவ் லெட்டருக்கே போடுவா." மூக்கை உறிஞ்சினாள். "முதல் வார்த்தை?"

"தெரியல."

"எம்பேரா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

போன் அடித்தது. முதலாளி. மேசையின் மேல் அது அடித்து, நகர்ந்து, ஓய்ந்தது. கடுகு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நீலப் பென்சிலை எடுத்து, பத்தாம் அத்தியாயத்தின் வெள்ளை ஓரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோ. பஸ்ல உக்காந்திருக்க. மடியில புக்கு. பத்தைத் திருப்பறே. ரப்பர் இன்னும் வைக்கல. முதல் வரி என்ன?"

கண்ணை மூடினேன். பேருந்து தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, பக்கத்து சீட்டு அம்மாவின் கூடை தெரிந்தது. பக்கம் தெரிந்தது. அதன் ஓரத்தில் என் கைதான் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றாள் கடுகு. "நான் எழுதிக்கறேன்."