எஞ்சின் எண் 4417

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து போர் விமானங்கள் ஓட்டிய படைப்பிரிவின் வரலாற்றை, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் புத்தகமாக வெளியிட்டார். வெளியீட்டு விழாவிலேயே இசபெல்லா அதில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டாள். ‘கடலில் விழுந்த விமானத்தின் எஞ்சின், எண் 4417, மீட்கப்பட்டது. உயிரிழப்பு இல்லை.’

நேரே மேடைக்குப் போனாள்.

“அந்த எஞ்சினுக்குச் சங்கிலி மாட்ட முங்குனது எங்க தாத்தா. முத்துக்குளிக்கப் போனா கயிறு மச்சான் கையிலதான் இருக்கும். தங்கச்சி தாலிய நெனச்சு அவன் விடமாட்டான். உங்காளுவ மச்சானைப் படகுலேருந்து எறக்கிவிட்டுட்டு, கயித்தைச் சிப்பாய்ட்ட குடுத்தாவ. எஞ்சின் மேல வந்ததும் அவன் கயித்தை விட்டுட்டு அதை இழுக்கப் போயிட்டான். தாத்தா வரவே இல்ல.”

அதிகாரி பேனாவை எடுத்தார். “ஆவணத்துல அது இல்லம்மா. அடுத்த பதிப்புல சேர்த்துடலாம். அவர் பேரைச் சொல்லுங்க.”

“எஞ்சின் நம்பரை யார்கிட்ட கேட்டு எழுதுனிய?”