தம்பியின் சுவர்

நெசவுக்காரர் அணஞ்சபெருமாளின் ஓட்டுக்கூரையை ஒட்டி, தம்பி தாணு மாடிச் சுவர் எழுப்பியிருந்தான். சுவரும் ஓடும் சேரும் இடுக்கில் இறங்கிய மழைத்தண்ணீர் தறியில் சொட்டியது. சுண்ணாம்பு பூசிப் பார்த்தார். ஒவ்வொரு மழையிலும் விட்டுப்போனது.

“தகரம் செருகினாத்தான் நிக்கும். உன் சுவரில ஒரு விரல் ஆழம் கொத்தணும், மக்கா.”

“புதுச் சுவராக்கும் அண்ணே. கொத்தினா வெடிச்சிரும். நீரு தறியை மாத்திப் போடும்.”

“எங்க? அடுக்களையிலயா?”

“அண்ணிகிட்ட கேளும்.” தாணு சிரித்தான்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியது. மறுபடியும் சுண்ணாம்பு குழைத்துப் பூசினார். மூன்றாம் நாள் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்து கறுத்தது. மனைவி செல்லத்தாய் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாவை அறுத்து இறக்கினார்.

மழை விட்டதும், கணவனும் மனைவியும் சேர்ந்து, இத்தனை நாள் அவர் கால் இறக்கி நெய்த தறிக்குழியில் மண்ணைக் கொட்டி மூடினார்கள்.