சின்ன வண்டியும் ஈரத் துண்டும்

வணக்கம் கண்ணுகளா, எல்லோரும் சௌக்கியமா? சளி, இருமல், மூட்டு வலி எதுவும் படுத்தாமல் இருக்கிறீர்களா? சரி, கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு லேப்காரம்மாவின் கதை இது.

கடைக்கு வருகிற குழந்தைச் சாமான்களில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பொம்மையோ பாசிமணியோ, எது வந்தாலும் துளி சுரண்டி, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் வைப்பாள். குழந்தைகள் தொடுகிற எதிலும் அளவுக்கு மேல் ஈயம் கூடாது என்று புதுச் சட்டம் வந்தபோது, அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவள் கொழுந்தனுக்கு வண்டிக் கடை. மேடு பள்ளத்தில் ஓடுமே, நாலு கொழுத்த சக்கரமும் மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடியும் வைத்தது, அந்த வண்டி. பெரியவர்களுக்குப் பெரியது, பிள்ளைகளுக்குச் சின்னது. சின்னதில் வேகத்தை அடக்கிவைக்க ஒரு திருகாணிகூட உண்டு. லேப்காரம்மாவின் பத்து வயது மகள் வாண்டுவுக்கு அதுதான் உயிர்.

சின்ன வண்டியின் பாகங்களைக் கொழுந்தனே சிரித்துக்கொண்டு கொண்டுவந்தான். "சும்மா ஒரு சீல் போட்டுக் குடுங்க அண்ணி."

காற்றடிக்கும் வால்வில் ஈயம். பேட்டரி முனையிலும் ஈயம். இரண்டும் தேறவில்லை.

"அத யாரு அண்ணி நக்கப் போறா?"

"நான் நாக்க அளக்கல தம்பி, ஈயத்த அளக்கறேன்."

அவ்வளவுதான். சின்ன வண்டிகள் எல்லாம் கடையின் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் முடங்கின. உதிரி பாகம் விற்கவும் தடை. வாண்டுவின் வண்டியில் பிரேக் கம்பி அறுந்தபோது மாற்றுவதற்கு வழியில்லை. வாண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"சட்டம் மாறட்டும். அதுவரைக்கும் இவ எந்த வண்டியிலயும் ஏற மாட்டா. போதுமா?" என்று மகளின் தலையில் கை வைத்துச் சொன்னது யார்? லேப்காரம்மாவின் வீட்டுக்காரர்தான். அழுகையை மறக்கட்டும் என்று சனிக்கிழமைதோறும் அவளை நீச்சலுக்கும் அழைத்துப் போனார். என்ன நல்ல மனுஷன் என்று இவளும் பூரித்துப்போனாள். நனைந்து வருகிற துண்டைப் பிழிந்து கொடியில் போடுவாள். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், நீச்சல் குளத்துக் குளோரின் வாடை அடிக்கிறதா என்று அந்தத் துண்டை ஒரு தடவைகூட மூக்கருகே கொண்டுபோகவில்லை.

ஒரு சனிக்கிழமை லேப்புக்குச் செய்தி வந்தது: மண்பாதையில் ஓட்டும் பிள்ளைகள் வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. சின்ன வண்டி கிடைக்காமல் பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறிக் கவிழ்கிறார்களாம். ஈயத்தைவிட அதுதான் பெரிய ஆபத்தாம். லேப்காரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, வாண்டுவுக்கு வண்டி திரும்பக் கிடைக்குமே என்று நெஞ்சு லேசானது. கொழுந்தனிடம் நேரிலேயே சொல்வோம் என்று கடைக்கு ஓடினாள்.

கடையின் பின்னால் ஓட்டிப் பார்க்கிற மண்திடல். அங்கே கனத்த உறுமல். பெரிய வண்டி ஒன்று வளைவில் சாய்ந்து வந்தது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, தொப்பென்று விழுந்தன. மேலே தலைக்கவசத்துக்குள் வாண்டு! கால் எட்டாததால் மிதியில் மரக்கட்டை வைத்துக் கட்டியிருந்தது. பதினாறு வயதுக்குக் கீழே ஏறக் கூடாது என்ற ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்த தடம் தகரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. லேப்காரம்மா திடலுக்குள் ஓடினாள்.

"இறங்குடி!"

வாண்டு இறங்கவில்லை. திடலோரம் கொழுந்தன் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் இறங்கினாள்.

லேப்காரம்மா புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்போ அந்தத் துண்டு?"

வண்டி கழுவுகிற குழாய்ப் பக்கம் அவர் கண் தானாகப் போய் வந்தது. "நீ பதறுவியேன்னுதான்..."

"வாராவாரம் அந்தக் கொழாயில நனைச்சு எடுத்துட்டு வந்தீங்களா? நானும் பைத்தியக்காரி மாதிரி பிழிஞ்சு பிழிஞ்சு காயப்போட்டேனே!"

கொழுந்தன் நடுவில் புகுந்தான். "சின்ன வண்டிய மூட வெச்சது யாரு அண்ணி? நீங்கதானே?"

"ஆமா, நாந்தான். இதுல ஏத்தினது யாரு தம்பி? கட்டைய கட்டினது யாரு? ஒட்டியிருந்தத சுரண்டினது யாரு? அதையும் என் தலையிலயே கட்டிடுங்க."

அவனுக்கு முந்திக்கொண்டு பேசியது வாண்டு.

"அப்பாவ திட்டாதம்மா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன். உன்கிட்ட எதைக் குடுத்தாலும் ஃபெயில்னுதானே சொல்லுவ?"

சட்டம் கைவிட்டதை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். புருஷனோடு சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். ஆனால் பெற்ற பிள்ளையும் அந்தக் கட்சியில் நிற்கிறது. வீட்டில் மூன்று பேர், தான் மட்டும் வெளியாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சொல்ல வந்ததைச் சொன்னாள். "சட்டத்த தளர்த்திட்டாங்கடி. உன் சின்ன வண்டி திரும்ப வருது."

வாண்டு கையுறையைக் கழற்றினாள். "எனக்கு அது இப்போ சின்னப்புள்ள வண்டிம்மா."

லேப்காரம்மா பெரிய வண்டியின் சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. "வா, பஸ்ஸுல போலாம்" என்று கை நீட்டினாள். வாண்டு அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நடந்து போய் அப்பாவின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். லேப்காரம்மா பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்தாள்.

அதற்கப்புறமும் அந்த வீட்டில் துணி துவைப்பவள் அவள்தான். இப்போது ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுகிறாளாம்.

நீங்கள் சொல்லுங்கள் கண்ணுகளா. உங்கள் நல்லதுக்குத்தான் என்று உங்களிடமே எதையாவது ஒளித்து வைத்தவர்கள் யாராவது உண்டா? தெரிந்த நாளில் என்ன செய்தீர்கள்? மறுபடி நம்ப முடிந்ததா? ஒரு வரியானாலும் எழுதிப் போடுங்கள்.